தெருக்கூத்தில் நகை: ஆரணி – தேவிகாபுரம் வட்டாரக் கட்டியங்காரன் மரபும் சிரிப்பின் உடல்நல, உறவுப் பயன்களும்

ஆய்வுச்சுருக்கம்

சிரிப்பு உடலுக்கு நன்மை தரும் என்னும் கருத்து பழமொழியாகவும் மருத்துவ அறிவுரையாகவும் தமிழ்ச் சூழலில் பரவியுள்ளது. ஆயினும் அந்நன்மை எதனால் விளைகிறது என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. பட்டு நெசவூரான தேவிகாபுரத்தை உள்ளடக்கிய ஆரணி வட்டாரத்தில் வழங்கும் வடக்கத்திப் பாணித் தெருக்கூத்தின் கட்டியங்காரனை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், திருக்குறள், அண்மைக்கால உளவியல், நரம்பியல் ஆய்வுகள் ஆகியவற்றின் துணைகொண்டு, சிரிப்பின் பயன் நகைச்சுவைத் துணுக்கில் இல்லை, கூடிச் சிரிப்போரிடையே உள்ள உறவிலேயே பெரிதும் தங்கியுள்ளது என்பது இங்கு நிறுவப்படுகிறது.

திறவுச்சொற்கள்: நகை, மெய்ப்பாடு, தெருக்கூத்து, கட்டியங்காரன், கர்ண மோட்சம், கேலி முறை, தேவிகாபுரம்

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணிக்குத் தெற்கே அமைந்த தேவிகாபுரம், பெரியநாயகி அம்மன் கோயிலாலும் கனககிரி மலைக்கோயிலாலும் விசயநகரக் காலக் கல்வெட்டுகளாலும் வரலாற்று ஆய்வாளர்க்கு அறிமுகமான ஊராகும். பொதுமக்களுக்கு அது ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களுள் ஒன்று. ஆரணி, செய்யாறு, போளூர், வந்தவாசி ஆகியவற்றைச் சூழ்ந்த இந்நிலப்பகுதிக்கு மூன்றாவது அடையாளம் ஒன்றும் உண்டு. தெருக்கூத்தின் வடக்கத்திப் பாணி வேரூன்றிய மண் இது. கூத்துப்பட்டறையை 1977ஆம் ஆண்டில் தொடங்கிய ந. முத்துசாமி தேடிச் சென்ற புரிசை கண்ணப்பத் தம்பிரானின் ஊரும் இந்த மாவட்டத்தின் செய்யாற்றுப் பகுதியிலேயே உள்ளது. (தெருக்கூத்து என்பதா, கட்டைக்கூத்து என்பதா என்னும் பெயர் வழக்கு இக்கட்டுரையின் எல்லைக்குள் வாராது, பெருவழக்கான முதற்பெயரே இங்கு ஆளப்படுகிறது.)

கூத்தைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் அதன் சடங்கியலையும் வீரத்தையும் ஒப்பனையையும் முதன்மைப்படுத்தியுள்ளன. ஆனால் விடிய விடிய அமர்ந்து கூத்துப் பார்த்தவரிடம் மறுநாள் கேட்டால், முதலில் நினைவுக்கு வருவது கட்டியங்காரன் சொன்ன ஏதோ ஒரு சொல்லாகவே இருப்பதுண்டு. ‘வாய்விட்டுச் சிரித்தால் நோய்விட்டுப் போகும்’ என்னும் பழமொழியை அறிவியல் முறையில் மதிப்பிட விரும்புவோர்க்கு அவன் தக்கதொரு தரவாவான். ஏனெனில் அவன் தனிமனிதனைச் சிரிக்க வைப்பவன் அல்லன். ஓர் ஊரையே ஒருசேரச் சிரிக்க வைப்பவன்.

இலக்கண நூலார் கண்ட நகை

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் மெய்ப்பாட்டியல், எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைக்கிறது. பரதரின் நாட்டிய சாத்திரத்திலோ சிருங்காரமே முதலிடம் பெறுகிறது, ஹாசியம் இரண்டாவது. இவ்வரிசை வேறுபாட்டைக் காட்டிலும் கருதத்தக்கது பகுப்பு முறையிலுள்ள வேறுபாடாகும். நாட்டிய சாத்திரம் சிரிப்பை ஆறாகப் பகுத்து, மெல்லிய சிரிப்புகளை உயர்ந்த மாந்தர்க்கும் உரத்த சிரிப்புகளைத் தாழ்ந்த மாந்தர்க்கும் உரியனவாக்குகிறது. தொல்காப்பியம் சிரிப்பவரின் தகுதியைக் கேட்கவில்லை. சிரிப்பு தோன்றும் களத்தையே கேட்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்பன அது காட்டும் நான்கு நிலைக்களன்கள்.

இவற்றுள் எள்ளலுக்குப் பேராசிரியர் தரும் விளக்கம் இக்கட்டுரைக்கு இன்றியமையாதது. தான் பிறரை எள்ளிச் சிரிப்பதும், பிறரால் தான் எள்ளப்பட்டவிடத்துச் சிரிப்பதும் என அவர் அதனை இருவகையாக விரிக்கிறார். எள்ளப்பட்டவனும் சிரிக்கக்கூடும் என்னும் இந்நுட்பம் எளிதாகக் கடந்து செல்லத்தக்கதன்று. ஒரே சொல் ஓரிடத்தில் உறவை வளர்க்கவும் மற்றோரிடத்தில் அறுக்கவும் வல்லதாவது, எள்ளப்பட்டவன் உடன் சிரிக்கின்றானா என்பதைப் பொறுத்தே அமைகிறது.

திருக்குறளும் இவ்விரு முனைகளையும் ஒருங்கே அறிந்துள்ளது. பிறரோடு கலந்து மகிழத் தெரியாதவர்க்குப் பகலும் இருளே என்று கூறும் குறளும், விளையாட்டில்கூட இகழ்ச்சி துன்பம் தரும் என்று எச்சரிக்கும் குறளும் ஒரே அதிகாரத்தில், பண்புடைமையில், இடம்பெற்றுள்ளன. நட்பு அதிகாரமோ, நட்பு சிரித்து மகிழ்வதற்கு மட்டும் உரியதன்று என வரம்பிடுகிறது. இடுக்கண் வருங்கால் நகச் சொல்லும் குறளை மட்டும் தனியே எடுத்து, வள்ளுவரைச் சிரிப்பு மருத்துவத்தின் முன்னோடி என நிறுவும் பொதுப்பேச்சுகள் இந்த நுண்மையை இழந்துவிடுகின்றன.

மருத்துவச் சான்றுகளும் அவற்றின் அளவும்

சிரிப்பு மருத்துவம் என்னும் கருத்துக்கு உலகளவில் வலுவூட்டியவர் அமெரிக்க இதழாசிரியர் நார்மன் கசின்ஸ் ஆவார். முதுகெலும்பை இறுக்கும் கடும் நோய்க்கு ஆளான அவர், பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் இரண்டு மணிநேரம் வலியின்றி உறங்க முடிந்ததாக 1976ஆம் ஆண்டில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார். அவர் அப்போது உயிர்ச்சத்து சி-யையும் பேரளவில் எடுத்துக்கொண்டார் என்பதும், இது ஒரே ஒருவரின் பட்டறிவு என்பதும் மேற்கோள் காட்டுவோரால் பெரும்பாலும் விடப்படுகின்றன.

பின்வந்த ஆய்வுகள் முறையானவை. ஆயினும் அளவிற் சிறியவை. மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மில்லர் குழுவினர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், 20 தன்னார்வலர்க்கு நகைச்சுவைப் படக்காட்சியும் மனஇறுக்கம் தரும் படக்காட்சியும் காட்டப்பட்டன. முன்னதைக் கண்டபின் இரத்தக் குழாய்கள் விரிந்து கொடுக்கும் தன்மை கூடியது. பின்னதைக் கண்டபின் குறைந்தது. ஆக்சுபோர்டு உளவியலாளர் ராபின் டன்பர் குழுவினரின் 2012ஆம் ஆண்டு ஆய்வு, சிரித்தபின் வலி தாங்கும் ஆற்றல் உயர்வதைக் காட்டியது. அவர்கள் ஆய்வுக்கூடத்தோடு நில்லாமல், எடின்பரோ கலைவிழாவில் மேடை நிகழ்ச்சிகளைக் கண்ட பார்வையாளரையும் சோதித்தமை குறிப்பிடத்தக்கது. பின்லாந்தின் துர்க்கு நகரில் மன்னினென் குழுவினர் 2017இல் 12 ஆண்களை நுண்கதிர்ப் படப்பதிவுக்கு உட்படுத்தினர். நெருங்கிய நண்பர்களோடு அமர்ந்து நகைச்சுவைக் காட்சிகளைக் கண்டு சிரித்தபின், வலியைத் தணிக்கும் உள்ளூறு வேதிப்பொருள்கள் மூளையில் சுரந்தமைக்கான சான்று கிடைத்தது.

சிரிக்கும்போது வயிற்றுத் தசைகளும் உதரவிதானமும் திரும்பத் திரும்பச் சுருங்குகின்றன. மூச்சு தொடர்ந்து வெளியேற்றப்படுகிறது. இந்த உடலுழைப்பே அவ்வேதிப்பொருள்களின் சுரப்பைத் தூண்டுகிறது என்பது டன்பரின் விளக்கம். இதன்படி பயன் தருவது முறுவல் அன்று, உரத்த சிரிப்பே. முறுவலித்தல், அளவாகச் சிரித்தல், பெருகச் சிரித்தல் எனப் பேராசிரியர் நகையை மூன்றாகக் கொண்டதில், மூன்றாவதற்கே இன்றைய ஆய்வு கூடுதல் மதிப்பளிக்கிறது. பழமொழியும் வாய்விட்டுச் சிரிக்கவே சொல்கிறது.

சிரிப்புக்குத் தீங்கும் உண்டு. பிரித்தானிய மருத்துவ இதழின் 2013ஆம் ஆண்டுக் கிறித்துமசு மலரில் ஃபெர்னர், ஆரன்சன் இருவரும் இதுகாறும் வெளிவந்த மருத்துவக் குறிப்புகளைத் தொகுத்து, நன்மைகளோடு ஆஸ்துமாத் தூண்டல், மயக்கம், குடலிறக்கம் போன்ற இடர்களையும் பட்டியலிட்டனர். அம்மலருக்கே உரிய விளையாட்டுத் தொனி அக்கட்டுரையில் இருப்பினும், தரவுகள் மெய்யானவை. குழித்தறியில் நாள்முழுதும் குனிந்திருக்கும் நெசவாளரின் இடுப்பு வலிக்குச் சிரிப்பை மருந்தாகப் பரிந்துரைப்பது நகைப்புக்கிடமாகும். அவ்வலிக்கு வேண்டியன ஓய்வும் இருக்கை வசதியும் மருத்துவமும் கட்டுபடியாகும் கூலியுமே.

துணுக்கு அன்று, துணையே

சிரிப்பாராய்ச்சியில் பெரிதும் பேசப்படும் கண்டுபிடிப்பு ராபர்ட் புரொவைனுடையது. அவரும் மாணவர்களும் பொது இடங்களில் இயல்பாக நிகழ்ந்த 1,200 சிரிப்புகளைக் குறித்து ஆராய்ந்தனர். அவற்றுக்கு முந்திய பேச்சில் நகைச்சுவை எனத்தக்கது 10 முதல் 20 விழுக்காடு மட்டுமே. எஞ்சியவை ‘எங்கே போயிருந்தாய்’, ‘சரி, பார்க்கலாம்’ போன்ற வெறும் உரையாடல்கள். மேலும் மனிதர் தனிமையில் இருப்பதைவிடக் கூட்டத்தில் ஏறத்தாழ 30 மடங்கு மிகுதியாகச் சிரிக்கின்றனர் என்பதும் அவர் முடிவு. சிரிப்பு என்பது நகைச்சுவைக்கு எழும் எதிர்வினை என்பதைவிட, உடனிருப்போர்க்கு விடுக்கப்படும் உறவுக் குறிப்பு என்பதே இதன் பொருள்.

நெசவுத் தெருவில் இது விளக்கம் வேண்டாத செய்தி. பட்டுத் தறி ஒருவரால் மட்டும் இயங்குவதன்று. தார் சுற்றுபவர், பாவு நீட்டும்போது மறுமுனையைப் பிடிப்பவர், பழைய பாவின் நுனியில் புதிய இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பவர் எனக் குடும்பமும் அண்டை வீடும் அத்தொழிலில் இணைகின்றன. ஆயிரக்கணக்கான இழைகளைப் பிணைக்கும் பொழுதில் கைக்கும் கண்ணுக்கும் வேலையுண்டு; வாய்க்கும் செவிக்கும் இல்லை. விசைத்தறிக் கூடத்தின் இரைச்சலில் பேச்சு கைச்சாடையாகச் சுருங்கிவிடுகிறது. கைத்தறியின் ஓசையோ பேச்சை அனுமதிக்கிறது. தொழில்நுட்ப மாற்றத்தின் விளைவுகளைக் கணக்கிடுவோர் உற்பத்தியையும் கூலியையும் கணக்கிடுகின்றனர். இழக்கப்பட்ட உரையாடல் எந்தப் பட்டியலிலும் இடம்பெறுவதில்லை.

மும்பையில் மருத்துவர் மதன் கட்டாரியா 1995ஆம் ஆண்டில் ஐவரோடு தொடங்கிய சிரிப்பு மன்றத்தின் வரலாறும் இவ்விடத்து நினைக்கத்தக்கது. முதலில் உறுப்பினர்கள் வட்டமாக நின்று துணுக்குகள் சொல்லிச் சிரித்தனர். சில நாள்களிலேயே நல்ல துணுக்குகள் தீர்ந்தன. புண்படுத்தும் துணுக்குகள் தலைதூக்கின. மன்றமே கலையும் நிலை வந்தது. அதன்பின் துணுக்குகளை முற்றாக நீக்கி, காரணமின்றிச் சிரிக்கும் பயிற்சியை அவர் புகுத்தினார். அது பல நாடுகளுக்குப் பரவியது. இகழ்ச்சியை விலக்குவதற்காக நகையின் களத்தையே விலக்கிய தீர்வு இது. தெருக்கூத்து வேறொரு தீர்வைக் கண்டது. எள்ளலை அது விலக்கவில்லை. எள்ளுதற்குரிய ஒருவனைப் படைத்து, அவனையும் எள்ளப்படுவோனாக்கியது.

கட்டியங்காரன்

கட்டியம் கூறுபவன் கட்டியங்காரன். அரசனின் வரவை அறிவிப்பது அவன் பெயருக்குரிய பணி. கூத்தின் தொடக்கத்தில் ஆடிப் பாடி வரும் அவன், திரைக்குப் பின் நிற்கும் வேடத்தை நோக்கி, நீ யார், எந்த ஊர், இங்கு ஏன் வந்தாய் என வினவுகிறான். துரியோதனனாயினும் கர்ணனாயினும் அவனுக்கு விடை கூறியே களத்துக்குள் வர இயலும். பேரரசனைத் தன் பெயரைச் சொல்ல வைப்பதிலேயே முதல் நகை பிறந்துவிடுகிறது. பின்னர் அவனே காவலாளாகவும் தூதனாகவும் ஊர்க்குடியாகவும் தோழியாகவும் மாறுகிறான். அரச வேடங்கள் பாட்டிலும் உயர்நடை வசனத்திலும் பேச, அவன் வட்டார வழக்கில் பேசுகிறான். அத்தினாபுரத்தில் நின்றுகொண்டே எதிரில் அமர்ந்திருப்போரின் அன்றாடத்தைத் தொட்டுப் பேச அவனுக்கு மட்டுமே உரிமையுண்டு.

இந்த உரிமை இருவழிப்பட்டது. அவன் அரசனை எள்ளுகிறான், அரசனிடம் அடிபடுகிறான், தன் அறியாமையைக் காட்டித் தானும் நகைப்புக்கிடமாகிறான். தொல்காப்பியம் கூறும் நான்கு களன்களில் எள்ளலும் பேதைமையும் மடனும் ஒரே ஆளிடத்துச் சேர்ந்துவிடுகின்றன. எளியவன் வலியவனை நோக்கிச் செலுத்தும் எள்ளலாகவும், தன்னையே நோக்கித் திருப்பிக்கொள்ளும் எள்ளலாகவும் அது அமையும் வரை, கூட்டத்தில் யாரும் புண்படாமல் உடன்சிரிக்க முடிகிறது.

இது எப்போதும் காக்கப்பட்டுள்ளது என்பதற்கில்லை. பெண்களையும் உடற்குறை உடையோரையும் இழிவுபடுத்தும் கொச்சைப் பேச்சு கூத்தின் நகைப்பகுதிகளில் மலிந்துள்ளது என்னும் குற்றச்சாட்டு நெடுங்காலமாக உண்டு. அதனை மரபு என்னும் பெயரால் மூடிமறைத்தல் ஆய்வுநெறியாகாது. ஆண்களே பெண் வேடமும் கட்டிவந்த இக்கலையில், காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெ. இராஜகோபால் 2002இல் நிறுவிய கட்டைக்கூத்துக் குருகுலம் சிறுமியருக்கும் பயிற்சியளித்தது. பெண் கட்டியங்காரனாக வரும்போது எள்ளலின் திசை எவ்வாறு மாறுகிறது என்பது தனி ஆய்வுக்குரியது.

விடியும்வரை கூட்டத்தை விழித்திருக்கச் செய்வதும் அவன் கடமை. துயிலிழப்பு உடல்நலத்துக்குத் தீது என்பதை மருத்துவர்கள் நினைவூட்டுவர்; கூத்து ஆண்டு முழுதும் நடப்பதில்லை என்பதே அதற்குரிய விடை.

கேலி முறையும் இல்லறமும்

கூத்துக் களத்தில் ஒருவனுக்கு வழங்கப்பட்ட இந்த உரிமையைத் தமிழ்க் குடும்பம் உறவுமுறைகளுக்குப் பகிர்ந்தளித்துள்ளது. யார் யாரைக் கேலி செய்யலாம் என்பது முறையால் வரையறுக்கப்பட்டது. மாமன் மகள், அத்தை மகன், மச்சான், மச்சினி, கொழுந்தன் ஆகியோரிடையே கேலி உரிமை. சில வேளைகளில் கடமையும்கூட. மாமியாருக்கும் மருமகனுக்கும் இடையே அது விலக்கு. மானிடவியலாளர் ராட்கிளிஃப்-பிரவுன் 1940இல் எழுதிய கட்டுரையில், மணவுறவால் இணையும் குடும்பங்களிடையே நட்பும் மோதலும் ஒருங்கே உறைவதால், அம்மோதலைச் சினமின்றி வெளிப்படுத்தும் வழியே கேலி உறவு என விளக்கினார். மறுபுறம் மிகு மரியாதையும் விலகலும் அதே பணியைச் செய்கின்றன.

திருமண நலங்கில் மணமக்கள் தேங்காய் உருட்டி விளையாடுவதும், தலையில் அப்பளம் நொறுக்குவதும், சம்பந்தி வீட்டாரைக் கேலி செய்து பெண்கள் பாடுவதும், முறையுடையோர் மீது மஞ்சள் நீர் ஊற்றுவதும் இந்நோக்கில் பொருள் பெறுகின்றன. முன்பின் பழகாத இருவரை ஊரறியச் சேர்ந்து சிரிக்க வைக்கும் ஏற்பாடு அது. குர்ட்ஸ், ஆல்கோ ஆகிய உளவியலாளர்கள் 2015இல் வெளியிட்ட ஆய்வில், 71 இணையர்கள் தாம் முதன்முதலில் சந்தித்த வகையை நினைவுகூர்ந்து பேசுவது பதிவுசெய்யப்பட்டது. மொத்தம் எவ்வளவு சிரித்தனர் என்பதைவிட, இருவரும் ஒரே நேரத்தில் எவ்வளவு சிரித்தனர் என்பதே அவர்களது நெருக்கத்தோடு சிறப்பாகப் பொருந்தியது. ஒருவர் சிரிக்க மற்றவர் வாளாவிருக்கும் வீட்டில் சிரிப்பின் அளவு கூடினாலும் பயன் கூடுவதில்லை. எள்ளப்பட்டவனும் சிரித்தல் என்னும் பேராசிரியரின் குறிப்பு இங்கு மீண்டும் நினைவுக்கு வருகிறது.

கேலி முறை என்னும் பெயரில் மருமகளின் நிறமும் அவள் கொண்டுவந்த சீரும் ஆண்டுக்கணக்கில் பேசப்படுவதும் இதே குடும்பங்களில்தான். அவள் சிரிக்கிறாள் என்பது அவள் உடன்பட்டாள் என்பதற்குச் சான்றாகாது. புரொவைனின் தரவுகளிலும் உயர்நிலையோரை நோக்கிக் கீழ்நிலையோர் சிரித்து வைக்கும் சிரிப்பு உண்டு.

இழவு வீட்டில் நகை

வட ஆர்க்காட்டுப் பகுதியில் கூத்து, திரௌபதி அம்மன் திருவிழாக்களில் மட்டும் ஆடப்படுவதன்று. இறந்தோர்க்குரிய கருமாதிச் சடங்கை ஒட்டிய இரவிலும் ஆடப்படுகிறது. அவ்விரவுக்கு உரியதாகப் பெரிதும் விரும்பப்படுவது கர்ண மோட்சம். பிறப்பை ஒளித்த தாய், பிறப்பைப் பழித்த மனைவி பொன்னுருவி, உயிர் வாங்க வந்த கண்ணன் ஆகியோரிடையே கொடையாளன் ஒருவன் சாவை நோக்கிச் செல்லும் கதை அது. அக்கதைக்குள்ளும் கட்டியங்காரன் வருகிறான். பத்துப் பதினைந்து நாள்களுக்கு முன் பிணம் கிடந்த வாசலில், தாலியிழந்தவளும் தந்தையை இழந்தவரும் அமர்ந்திருக்க, ஊர் வாய்விட்டுச் சிரிக்கிறது.

வெளியிலிருந்து காண்போர்க்கு இது முறைகேடாகத் தோன்றலாம். ஆனால் துயரத்தைப் பற்றிய அண்மைக்கால ஆய்வு வேறொன்றைக் கூறுகிறது. துணையை இழந்து ஏறத்தாழ ஆறு மாதம் ஆனவர்களை, இறந்தவரைப் பற்றிப் பேசச் செய்து, அவர்களது முகக்குறிப்புகளைக் கெல்ட்னர், பொனானோ ஆகிய இருவரும் ஆராய்ந்து 1997இல் வெளியிட்டனர். பேச்சினூடே கண்களைச் சூழ்ந்த தசைகளும் இயங்க உண்மையாகச் சிரித்தவர்களிடம் சினமும் துயர அழுத்தமும் குறைந்திருந்தன. அவர்களுடைய உறவுகள் மேம்பட்டிருந்தன. அவர்கள் சிரிப்பதைக் கண்ட அயலாரும் அவர்கள்பால் பரிவு கொண்டனர். துக்கத்தை முழுமையாக அழுது தீர்த்த பின்னரே சிரிப்பு வரவேண்டும் என்னும் பழைய உளவியல் நம்பிக்கையை இது அசைத்தது.

இரண்டையும் ஒப்பிடுகையில் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. ஆய்வில் சிரித்தவர்கள் தம்மியல்பால் சிரித்தனர். கருமாதி இரவிலோ துயருற்றவர் சிரித்தேயாக வேண்டும் என எவரும் எதிர்பார்ப்பதில்லை. சிரிப்பது சுற்றியுள்ள ஊர். துயருற்றவர் அதனுள் அமர்ந்திருக்கிறார், அவ்வளவே. அழுகைக்கு ஒப்பாரி என்னும் வடிவத்தைத் தந்து முதல் நாளில் அவரைச் சூழ்ந்து அமர்ந்த அதே பெண்களும் ஆண்களும், இப்போது நகைக்கு ஒரு வடிவத்தோடு அவரைச் சூழ்ந்து அமர்கின்றனர். அவர் எந்தச் சொல்லுக்கு முதன்முறையாகச் சிரிக்கிறார் என்பதை அருகிலிருக்கும் நாத்தனார் கவனிப்பாள். கட்டியங்காரன் கவனிக்க மாட்டான், அவனுக்கு இன்னும் கர்ணனைப் போர்க்களத்துக்கு அழைத்துச் செல்லும் வேலை இருக்கிறது.